கொயினாப் பட்டையும் தலைத் தழும்பும்



தலையில் வட்டமாக முடி கொட்டினால் எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: புழுவெட்டு. வெங்காயம் தேய்த்துவிட்டுப் பொறுத்திருப்போம். புழுவெட்டில் தோல் வழவழப்பாக இருக்கும். பெரும்பாலும் முடி திரும்ப முளைக்கும். ஆனால் சிவந்து, செதில் கட்டி, நடுவில் வெளுத்துத் தழும்பாகும் வட்டங்கள் வேறு. அப்படியான நோய்களில் ஒன்று டிஸ்கொயிட் லூபஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்கும். தழும்பு விழுந்த இடத்தில் முடி மறுபடி வராது.

இதன் மருந்து வந்த பாதையில் எங்கள் மலைகளும் இருக்கின்றன.

வெலிமடை வழியாக நுவரெலியாவுக்குப் போகும்போது ஹக்கலைப் பூங்காவைக் கடப்போமே, அது 1861இல் சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கியது. மலேரியாவுக்கான கொயினா அந்த மரப்பட்டையில் இருந்துதான் கிடைத்தது. 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலையில் நோய் கண்டது. கோப்பி அழிய, துரைமார் பலர் சிங்கோனா நட்டார்கள். 1886இல் சுமார் ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை இலங்கையிலிருந்து கப்பலேறியது. சந்தையில் பட்டை குவிந்து விலை விழுந்தது. பிறகு எங்கும் தேயிலைதான்.

1894இல் பெய்ன் என்ற லண்டன் வைத்தியர் லூபஸ் நோயாளிகளுக்குக் கொயினா கொடுத்துப் பலன் இருப்பதாக எழுதினார். கொயினாவுக்குப் பதிலாக ஆய்வுகூடத்தில் செய்த மெபக்ரின் மாத்திரையை, 1951இல் பேஜ் என்ற வைத்தியர் 18 லூபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1955இல் அதே வழியில் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் பாவனைக்கு வந்தது. கொரோனா காலத்தில் எல்லார் வாயிலும் அடிபட்ட மாத்திரைதான்.

இன்றைக்கும் இந்த நோய்க்கு ஸ்டீரொயிட் பூச்சு, வெயில் படாமல் பாதுகாப்பு, தேவைப்பட்டால் இந்த மாத்திரை. கண் பரிசோதனையும் வேண்டும். ஆகவே பாமசியில் நாமாக வாங்கிப் போடக் கூடாது. மருந்து நோயை நிறுத்தும், இருக்கிற முடியைக் காக்கும். போனதைத் திருப்பித் தராது.

அதனால்தான் இதை எழுதுகிறோம். எங்கள் பிள்ளைகள் ஹிஜாபுக்குள்ளும், தோட்டத்துச் சகோதரிகள் தலைத்துணிக்குள்ளும் இதை மறைத்து வைக்கிறார்கள். கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று தாய்மாரும் வெளியே சொல்வதில்லை. ஊருக்கு மறையுங்கள், வைத்தியருக்கு மறைக்காதீர்கள். தலையில் தழும்பு கண்டால் அடுத்த பெருநாள் வரை பார்த்திருக்காமல், பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்த் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

நோயைத் தந்த அல்லாஹ் மருந்தையும் வைத்திருக்கிறான். நேரத்தோடு தேடிப்போவது எங்கள் பொறுப்பு.