கடல்கன்னியை அறுத்துப் பார்த்தவர்கள்

1560இல் மன்னார்த் தீவுக்கு அருகே மீனவர் வலையில் ஆணும் பெண்ணுமாக ஏழு கடல்மனிதர்கள் ஒரே இழுப்பில் அகப்பட்டதாக இயேசு சபையாரின் குறிப்புகள் சொல்கின்றன. கோவாவிலிருந்த போர்த்துக்கீசிய வைஸ்ராயின் மருத்துவர் திமாஸ் போஸ்கே அவற்றை அறுத்துப் பார்த்து, உள்ளுறுப்புகள் எல்லாம் மனிதருக்கு உள்ளபடியே இருந்ததாகச் சான்று தந்தாராம். கண்ட சாட்சிகளில் அண்டிரிக் அடிகளாரின் பெயரும் வருகிறது. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் பல காலம் வாழ்ந்து, 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ நூலை அச்சேற்றியவர் அவர்; விவரம் அறியாதவர் என்று தள்ளிவிட முடியாது. அகப்பட்டது ஆவுளியாவாகத்தான் இருக்க வேண்டும். கடற்புல் மேய்ந்து 3 மீட்டர் வரை வளர்ந்து, முன்துடுப்புக்கு அடியிலுள்ள காம்பில் குட்டிக்குப் பாலூட்டும் கடற்பசு அது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையைப் பற்றி எழுதிய எமர்சன் டென்னன்ட்டும் மன்னார்க் கடல்கன்னிக் கதைகளை இந்த விலங்கோடுதான் சேர்த்துப் பார்த்தார். அந்தச் சம்பவத்தில் மற்றவர்கள் கண்ணால் பார்த்ததோடு நின்றார்கள். கத்தியெடுத்து ஆராய்ந்தவர்தான் உண்மையை விட்டு வெகுதூரம் போனார்.

டிஸ்னியின் ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ படங்கள் இரண்டையும் ஒப்பிடும்போது இந்தப் பழைய கதை உதவுகிறது. ஜான் மஸ்கரும் ரான் கிளமென்ட்ஸும் இயக்கிய 1989ஆம் ஆண்டுக் கோட்டோவியப் படம் 83 நிமிடம் ஓடுகிறது. ராப் மார்ஷலின் 2023ஆம் ஆண்டு மறுஆக்கம் 135 நிமிடம். பழையது சிறுபிள்ளை விளையாட்டு, புதியது நிஜக் கடல்போல இருக்கிறது என்பது புதியதன் தரப்பில் சொல்லப்படும் வாதம். போஸ்கே செய்த பிழையே இங்கும் நடக்கிறது என்பேன். உடம்பு நிஜமாக இருந்துவிட்டால் கதையும் நிஜமாகிவிடும் என்ற நம்பிக்கைதான் அந்தப் பிழை. முதல் படத்துக்காகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நீர்க்குமிழிகளைக் கையாலேயே வரைந்தார்கள். வேலைப் பளு தாங்காமல் அதில் பெரும்பங்கைச் சீனாவில் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. இரண்டாவது படத்தில் நடிகர்கள் தண்ணீரே இல்லாத அரங்கில் நீலத்திரைக்கு முன் கம்பியில் தொங்கினார்கள். அலையும் கூந்தலைக் கணினி சேர்த்தது. இரண்டிலும் கடல் பொய்தான். ஆனால் கோட்டோவியம் தன்னைக் கோட்டோவியம் என்று ஒப்புக்கொள்கிறது. அதனால் நண்டு செபாஸ்டியனுக்குப் புருவமும் உதடும் தர முடிந்தது. அதன் திகிலும் சலிப்பும் முகத்திலேயே தெரிந்தன. மறுஆக்கத்தில் கண்கள் காம்பில் நிற்கும் அசல் நண்டு வருகிறது. கரை மணலில் வளை தோண்டி ஓடும் நண்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் அதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். அது பயப்படுகிறதா சிரிக்கிறதா என்று மட்டும் கண்டுபிடிக்க முடியாது.

இதைவிட முக்கியமானது கதை கேட்கும் விலை. ஓர் உலகை விட்டு மற்றோர் உலகுக்குப் போகிறவர் எதையாவது பணயம் வைத்தாக வேண்டும். 1961இல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த தூத்துக்குடிக் கரைக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. குளியாளி கல்லின் கனத்தில் முத்துச்சிப்பிப் பாருக்கு இறங்குவார். கைவசம் இருந்தது ஒரு மூச்சு, மேலே படகில் கயிறு பிடிப்பவர் ஒருவர். அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள், தன் அக்காள் தங்கையின் தாலிக்கு அவன் காவலாக இருப்பான் என்று அங்கே சொல்வதுண்டு. ஹான்ஸ் கிறிஸ்தியன் ஆண்டர்சன் 1837இல் எழுதிய கதையிலும் மனிதக் காலுக்காகக் கடல்கன்னி சூனியக்காரிக்குத் தரும் விலை கடுமை: நாக்கு அறுபடுகிறது, எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பதாகிறது, கடைசியில் அவள் நுரையாகிறாள். 1989ஆம் ஆண்டுப் படம் அந்த முடிவைக் கைவிட்டாலும் குரல் போனதைக் கைவிடவில்லை. கரையேறிய பின் அவள் கண்ணாலும் கையாலும் மட்டுமே பேசுகிறாள். மறுஆக்கத்தில் ஊமையான பிறகும் மனக்குரலில் அவளுக்கு ஒரு முழுப்பாட்டு கிடைத்துவிடுகிறது. மனிதப் பெண்ணாக நீடிக்க இளவரசன் முத்தமிட வேண்டும் என்ற நிபந்தனையும் சூனியக்காரியின் மந்திரத்தால் அவளுக்கு மறந்துபோகிறது. நண்டின் ஓட்டில் அத்தனை நுணுக்கம் பார்த்தவர்கள், கதையின் முடிச்சைத் தளர விட்டுவிட்டார்கள்.

புதிய படத்துக்காகப் பேசுபவர்களிடம் நியாயம் இல்லாமலில்லை. பழைய படத்தின் கடல்கன்னி ஏரியல் ஒரு முகத்தைப் பார்த்து மயங்கியதைத் தவிர இளவரசனிடம் அவளுக்கு வேறு ஈர்ப்பில்லை. புதிய படத்தில் இருவரும் நிலவரைபடங்களைப் புரட்டி, அறியாத உலகைப் பற்றிய ஆவலில் நெருங்குகிறார்கள். அவள் தாயின் சாவுக்கு மனிதரே காரணம் என்பதால் தந்தையின் கோபத்துக்கும் பொருள் வருகிறது. கறுப்பின நடிகை ஹாலி பெய்லி நடிக்கப்போகிறார் என்றதும் கடல்கன்னிக்கு இந்த நிறம்தான் இருக்க வேண்டும் என்று வாதிட்டவர்களை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. மன்னாரில் அகப்பட்டதன் நிறத்தை அவர்கள் விசாரித்திருக்கலாம். ஆனால் இந்த நல்லவை எல்லாம் திரைக்கதையாலும் பெய்லியின் தொண்டையாலும் வந்தவை. கோட்டோவியத்திலும் இவற்றைச் செய்திருக்க முடியும். பாறைமேல் அவர் எழுந்து பாடும் இடத்தில் அரங்கு அசையாமல் கேட்கிறது. பின்னால் புரளும் கூந்தல் கணினியில் பிறந்தது என்பதால் அந்தப் பாட்டுக்குக் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.