திருப்பூரும் உப்புக் கணக்கும்

பனியன் போடும்போது யாரும் உப்பைப் பத்தி யோசிக்கிறதில்லை. ஆனா திருப்பூர் சாயத் தண்ணி கதையே உப்புக் கதைதாங்க.

பருத்தி, ரியாக்டிவ் சாயம் ரெண்டுமே தண்ணிக்குள்ள எதிர்மின் தன்மை கொண்டவை. ஒண்ணையொண்ணு தள்ளும். உப்பைக் கொட்டினால்தான் சாயம் துணியில் ஏறும். ஆனா துணி உப்பை எடுத்துக்காது. அத்தனையும் கழிவோட நொய்யலுக்குப் போனது.

1992இல் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். சில வருஷத்துல அது சாயக்கழிவுத் தொட்டி ஆயிடுச்சு. "தண்ணி திறந்து விடாதீங்க"ன்னு விவசாயிகளே சொன்ன அணை வேற எங்க இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்!

பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வராமல் இல்லை. சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டு நிறத்தை எடுத்தாங்க. பார்க்கத் தெளிவு, நாக்குல வெச்சா கரிப்பு. கரைந்த உப்பு சுண்ணாம்புக்கெல்லாம் மசியாது. கோட்டை விட்டது இங்கேதான் என்பது என் கருத்து.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாதுன்னு 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நடக்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று, எல்லா சாயப்பட்டறையையும் மூடச் சொல்லிட்டாங்க. 700க்கும் மேலே பட்டறைகள். ஊரே அடங்கிப்போச்சு. கூலிக்காரங்க பாடு தனிக்கதை.

அப்புறம்தான் கணக்கு மாறியது. சவ்வூடு வடிகட்டியில் (ஆர்.ஓ.ன்னு சொல்றோமே, அதேதான்) நல்ல தண்ணி பெரும்பகுதி திரும்பிவிடும். மிச்சம் நிற்கும் அடர் உப்புநீரை ஆவியாக்குவதில்தான் செலவு எகிறும். அதை ஏன் காய்ச்சணும், நிறத்தை மட்டும் எடுத்துட்டு மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்பலாமேன்னு அருள்புரம் நிலையத்தில் செய்து காட்டினார்கள். சாதா உப்புக்குப் பதில் சோடியம் சல்பேட் போட்டால் இன்னும் வசதி: குளிர வைத்தால் படிகமாகப் பிரிந்து வரும், அதையும் பட்டறையே வாங்கிக்கும். கழிவாகப் போனது சரக்காகத் திரும்பியது.

எல்லாமே திரும்பலை. கடைசியில் சல்பேட்டும் குளோரைடும் கலந்து ஒரு உப்பு மிஞ்சும். சாயத்துக்கும் ஆகாது, மண்ணுலயும் கொட்ட முடியாது. மூட்டை கட்டிக் கொட்டகையில் அடுக்கி வைக்க வேண்டியதாச்சு.

வாணியம்பாடி தோல் பதனிடும் ஊர்களில் குரோமியத்தை மீட்ட கதை அடுத்த பதிவில்.