பல்லியின முட்டைகளில் கருப்பார்த்தல்

ஓணான், உடும்பு, பச்சை இகுவானா போன்ற பல்லியினங்களின் முட்டையில் கரு பிடித்துள்ளதா என்பதை, இருட்டறையில் சிறு விளக்கை ஓட்டின்மீது ஒட்டிப்பிடித்து, ஊடுருவும் ஒளியில் கண்டறியும் முறை கருப்பார்த்தல் எனப்படும். கருவுற்ற முட்டையில் சில நாள்களில் செந்நிற இரத்த நாளங்கள் வலைபோலப் படர்ந்து தெரியும். கருவற்றதாகிய கூமுட்டை சீரான மஞ்சளாக ஒளிர்ந்து, நாளடைவில் சுருங்கிப் பூசணம் பிடிக்கும். அடைக்கோழி தன் முட்டையை அடிக்கடி புரட்டிவிடும். பல்லி முட்டையிலோ கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டி வளர்வதால், இட்ட நிலை மாறாதபடி மேற்புறத்தில் பென்சிலால் குறியிட்டே சோதிக்க வேண்டும், புரட்டினால் கரு இறந்துபோகக்கூடும். தோட்டத்து ஓணான், ஈரமண்ணில் குழி தோண்டி முட்டையிட்டு மூடிச் சென்றுவிடுவதால், அவை ஏறத்தாழ 6 அல்லது 7 வாரம் அசையாமலே கிடந்து பொரிகின்றன. வளர்ப்போர் முட்டைகளை ஈரமணல் பெட்டியில் வைப்பதும் இம்முறையைப் பின்பற்றியே. சிறுத்தைப் பல்லியில் குஞ்சின் பாலினத்தையும் முட்டை அடையிருக்கும் வெப்பநிலையே தீர்மானிக்கிறது: 26 பாகை செல்சியசில் பெரும்பாலும் பெண் குஞ்சுகளே பிறக்கும். உடும்பு, 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளதால், அதை வீட்டில் வளர்ப்பது குற்றமாகும்.