முட்டியைப் பெயர்த்த மோட்டார்
1909-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓலே எவின்ரூட் விற்பனைக்கு விட்ட படகு மோட்டாருக்கு ஒன்றரைக் குதிரைத்திறன். எடை சுமார் 28 கிலோ. துடுப்புப் போட்டு வாங்கிவந்த ஐஸ்கிரீம் உருகிப்போனதில் பிறந்த யோசனை என்பார்கள். நம்பினால் நம்பலாம்.

தீப்பொறிக்கு பேட்டரி, காயில். பொறி எந்தக் கணத்தில் பாய வேண்டும் என்று தீர்மானிப்பது டைமர். கிளப்பும்போது அதன் நெம்புகோலைத் தள்ளித் தீப்பொறியைத் தாமதப்படுத்த வேண்டும். வேகம் பிடித்தபின் முந்தவிட வேண்டும். தாமதப்படுத்த மறந்தால், கையால் சுழற்றிக் கிளப்பும் சக்கரம் எதிர்த்திசையில் உதைக்கும். அதில் கைப்பிடியாக இருந்த மரக்குமிழ் விரல் முட்டிகளைப் பதம்பார்க்கும்!

இன்று அத்தகைய மோட்டாரை உயிர்ப்பிக்க முயல்பவர் முதலில் சந்தேகிக்க வேண்டியது டைமரில் தொட்டு விலகும் பாயிண்ட்டுகளை. கண்ணுக்கே தெரியாத களிம்பு போதும், மின்சாரம் நின்றுவிடும். நைசான அரத்தால் இரண்டு இழுப்பு, தளர்ந்த ஸ்பிரிங்குக்கு மாற்று. பெரும்பாலும் அவ்வளவுதான் வேலை.