கதை வழியே ஆங்கிலம்

பீன்யாவின் தொழிற்கூடங்களை நம்பிக் குடியேறிய நம் குடும்பத்துப் பிள்ளைகள், வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசி வளர்கின்றனர். ஆங்கிலமோ பலருக்குப் பள்ளியில் மட்டுமே எதிர்ப்படும் மொழி. தேர்வுக்காக அதனை நெட்டுருச் செய்வோர் பலர். விரும்பிப் படிப்போர் சிலரே. இதற்குத் தீர்வு என்ன என்பதை வரலாற்றில் தேடுவது நன்று.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னர், டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர் இவ்வினாவை ஆராய்ந்தார். வங்க மாணவரின் வாசக நூல்களில் புதுச்சொற்கள் மிகுந்திருந்தமையால், கதையின் சுவையை அறியுமுன்னரே அவர்கள் களைப்புற்றனர் எனக் கண்டார். எனவே புதுச்சொற்களைக் குறைத்து, வந்த சொல்லே மீண்டும் மீண்டும் வருமாறு எளிய வாசக நூல்களை அமைத்தார். இருமொழி நிலை பற்றிய அவர்தம் ஆய்வு 1926-இல் நூலாக வெளிவந்தது. நம் பள்ளிகளில் துணைப்பாடமாக வழங்கிய சுருக்கப் புதினங்கள் இம்மரபைச் சார்ந்தவை எனலாம்.

எனினும், சொல் எளிதானால் மட்டும் போதுமா? ராபின்சன் குரூசோவின் கப்பலும் தீவும் நம் சிறுவர் கண்டறியாதவை. சொல்லும் புதிது, உலகும் புதிது என்றால் பிள்ளை என் செய்யும்?

இக்குறையைப் போக்கும் புதினம் ஒன்று நாம் வாழும் இந்நகரிலேயே கருக்கொண்டது. சென்னையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மைசூரில் வாழ்ந்த ஆர்.கே. நாராயண், பெங்களூரில் தம் பாட்டியார் குறித்துத் தந்த நன்னாளில் குறிப்பேடு ஒன்றை வாங்கி எழுதத் தொடங்கினார். 'சுவாமியும் நண்பர்களும்' என்னும் அந்நூல் 1935-இல் இலண்டனில் வெளியாயிற்று. பள்ளிக்கு அஞ்சும் சிறுவன், கண்டிப்பான தந்தை, அன்புமிக்க பாட்டி, கிரிக்கெட் குழு ஆகிய அனைத்தும் நம் வீட்டுக் காட்சிகளே. 1980களில் மால்குடிக் கதைகளைத் தொலைக்காட்சித் தொடராக்கியவர் கன்னடக் கலைஞர் சங்கர் நாக்; மலைநாட்டு ஆகும்பே அதில் மால்குடியாயிற்று. இத்தகைய கதையில் உலகம் முன்னரே தெரிந்தது. சொல்லை மட்டும் கற்றால் போதும்.

ஆங்கிலம் வரவேண்டுமென்று வீட்டில் தமிழைக் குறைப்போர் நம்மில் உளர். அது வேண்டாத இழப்பாகும். பிள்ளை ஓர் அத்தியாயத்தை ஆங்கிலத்தில் படித்து, அதனைப் பாட்டிக்குத் தமிழில் சொல்லட்டும். புரியாததைத் தன் மொழியில் சொல்ல எவராலும் இயலாது. ஆகவே, தமிழே அங்கு உரைகல்லாகின்றது. ஆங்கிலம் அறியாப் பாட்டியும் ஆசிரியையாகின்றாள். ஒரு மொழியை இழந்துதான் மறுமொழியைப் பெறவேண்டும் என்பதில்லை. நம் இல்லங்கள்தோறும் இவ்வழக்கம் இன்றே தொடங்குக!