226ஆம் ஏரியில் ஒரு திரை

நம் ஊர் பல்கலைக்கழகத்தில் படித்த யாருக்கும் கே.பி.ஐ. என்ற சொல் புதிதல்ல. ஒருவருடைய ஆய்வின் மதிப்பு என்னவென்று கேட்டால் ஸ்கோப்பஸில் எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள், எச்-இன்டெக்ஸ் எவ்வளவு என்று மூன்று எண்களை எடுத்து நீட்டுவார்கள். ஏரிகளைக் காப்பாற்றியவர் என்று சொல்லப்படும் டேவிட் ஷிண்ட்லரை இந்த எண்களால் அளக்க முடியுமா?

1960களில் வட அமெரிக்கப் பேரேரிகள் பாசி பிடித்துக்கொண்டிருந்தன. ஈரி ஏரி செத்துவிட்டது என்றே பத்திரிகைகள் எழுதின. பாசிக்குத் தீனி போட்டது எது என்பதில்தான் சண்டை. சாக்கடையிலும் சலவைத்தூளிலும் வரும் பாஸ்பரஸ் என்றார்கள் ஏரி ஆய்வாளர்கள். சலவைத்தூளில் பாஸ்பேட் சேர்த்து விற்ற நிறுவனங்களின் தரப்பு, கார்பன்தான் காரணம் என்றது. குப்பிகளில் செய்த சில சோதனைகள் அதற்குச் சாதகமாகவும் இருந்தன.

குப்பியை விட்டுவிட்டு ஏரியையே சோதித்தால் என்ன? 1968இல் கனடா அரசு வடமேற்கு ஒன்டாரியோவின் காட்டு ஏரிகள் சிலவற்றை இதற்கென்றே ஒதுக்கியது. ஜாக் வாலன்டைன் அழைத்து வந்த ஷிண்ட்லருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. ஏரிகளுக்குப் பெயர்கூட இல்லை, எண்கள்தான். 227ஆம் ஏரி கார்பன் மிகக் குறைந்த ஏரி. 1969இல் அதில் பாஸ்பரஸும் நைட்ரஜனும் மட்டும் போட்டார்கள். கார்பன் போடாமலே ஏரி பச்சையானது. தேவையான கார்பனைப் பாசி காற்றிலிருந்தே எடுத்துக்கொண்டது.

1973இல் 226ஆம் ஏரி. எட்டு போல நடுவில் ஒடுங்கிய ஏரி. அந்த ஒடுக்கத்தில் பிளாஸ்டிக் திரை ஒன்றைக் கட்டினார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும். அவ்வளவுதான் வித்தியாசம். பாஸ்பரஸ் போட்ட பக்கம் மட்டும் பச்சைப் பசேல் என்று மாறியது. வானிலிருந்து எடுத்த அந்தப் படம் 1974இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. நீரியல் பாடநூல்களைப் புரட்டினால் இன்றும் கண்ணில் படும்.

இந்தப் படம்தான் சட்டத்தை மாற்றியது என்று பலரும் எழுதுகிறார்கள். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கனடா கட்டுப்படுத்தத் தொடங்கியது 1970இல். கனடாவும் அமெரிக்காவும் பேரேரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1972இல். திரை கட்டியதோ அதற்கு அடுத்த வருஷம்! பாஸ்பரஸைக் குற்றவாளியாகக் காட்டிய ரிச்சர்ட் வோலன்வைடரின் அறிக்கை 1968லேயே வந்துவிட்டது. 227ஆம் ஏரியின் முடிவுகளும் ஒப்பந்தத்துக்கு முன்பே கையில் இருந்தன.

அப்படியானால் படம் என்ன செய்தது? வாதத்தை முடித்துவைத்தது என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் மாநிலம் மாநிலமாக இழுபறி நடந்துகொண்டிருந்தது. மேற்கோள் எண்ணிக்கை தெரியாதவருக்கும், வேதியியல் தெரியாதவருக்கும் அந்தப் படம் புரிந்தது. இதற்கு எந்த இன்டெக்ஸில் கட்டம் இருக்கிறது?

சரி, ஏரியையே அளப்போம்னு வச்சுக்குவோம். ஈரி ஏரிக்குள் வரும் பாஸ்பரஸுக்கு ஆண்டுக்கு 11,000 டன் என்று இலக்கு வைத்தார்கள். 1980களில் அந்த அளவுக்கு இறங்கியது. அதில் ஷிண்ட்லரின் பங்கு எத்தனை டன்? கழிவுநீர் நிலையங்களைக் கட்டிய பொறியாளர்களுக்கு எத்தனை? 226ஆம் ஏரியில் திரை போட்டுப் பிரிக்க முடிந்தது. ஷிண்ட்லர் இருந்த வரலாற்றையும் இல்லாத வரலாற்றையும் பிரிக்க நம்மிடம் திரை இல்லை.

1991இல் முதல் ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசு அவருக்குத்தான். 2012இல் கனடா அரசு அதே ஆய்வு ஏரிகளுக்கான பணத்தை நிறுத்த முடிவெடுத்தது. வருஷத்துக்கு ஏறத்தாழ 2 மில்லியன் டாலர், ஒரு நாட்டின் கணக்கில் சில்லறைக் காசு. அறிவியலாளர்கள் போராடிய பிறகு 2014இல் வேறொரு நிறுவனம் அவற்றை ஏற்று நடத்தத் தொடங்கியது.

அதே 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியின் பாசி நஞ்சு, டொலீடோ நகரின் குடிநீரில் கலந்தது. ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் இரண்டு மூன்று நாள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. இம்முறை பாஸ்பரஸின் பெரும்பகுதி வந்தது வயல்களில் போட்ட உரத்திலிருந்து.