மேசையில் காசு ஒட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் பாருங்கள்



பழைய சதக் காசுகளை மேசைப் பலகையில் வரிசையாக ஒட்டி, மேலே கண்ணாடிபோல் பசை ஊற்றி அழகு பார்ப்பது இப்போது ஒரு நாகரிகம். பதுளையிலும் தோட்டங்களிலும் பழைய பெட்டிகளைத் திறந்து காசு தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒட்டுவதற்கு முன் அந்தக் காசுகளின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

காசை அலங்காரமாக்குவது நமக்குப் புதிதல்ல. நம் பாட்டிமார் வெள்ளி ரூபாய்க்கு வளையம் வைத்துக் கழுத்தில் போட்டார்கள். நகைக்கடையில் இன்றும் நாம் சொல்லும் 'பவுண்' என்ற அளவே இங்கிலாந்தின் தங்கக் காசிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்த அலங்காரம் கஷ்டம் வந்தால் கழற்றி விற்கக்கூடிய சேமிப்பு. பசையில் புதைத்த காசைக் கழற்ற முடியாது.

1869இல் இந்திய வெள்ளி ரூபாய் இலங்கையின் சட்டபூர்வ நாணயமானது. அதே ஆண்டில்தான் நம் ஊவாவின் மடுல்சீமையில் கோப்பி இலையில் துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1872 முதல் ரூபாய் 100 சதமானது. 1870 என்று ஆண்டு பொறித்த செப்புச் சதத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் விக்டோரியா மகாராணியின் தலை. மறுபக்கம் பனை மரம், அதனோடு சிங்கள, தமிழ் எழுத்துகள். 1909இல் வந்த சதுர ஐந்து சதத்திலும், 1944இல் வந்த நெளிவிளிம்பு இரண்டு சதத்திலும், பத்துச் சதத்திலும் தமிழ் உண்டு.

தலைப் பக்கம் மேலே தெரிய ஒட்டினால் நம் எழுத்து பசைக்குள் போய்விடும். அரசர் மட்டும் மிஞ்சுவார்.

இன்னொன்றும் முக்கியம். பெட்டியில் கிடப்பதெல்லாம் காசு அல்ல. கோப்பிக் காலத்தில் கொழும்பு வேக்கந்தை, புதுக்கடை ஆலைகளில் கூலிக்குக் கணக்காக உலோக வில்லைகள் கொடுத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கட்டி வந்தபோது, தொழிலாளிக்குத் தோட்டத்தைக் குறிக்கும் இலக்கம் அடித்த தகர வில்லை கொடுக்கப்பட்டது. எந்தத் தோட்டத்துக்கு ஆளை அனுப்புவது, வழிச் செலவை யார் கணக்கில் எழுதுவது என்பதெல்லாம் அந்த இலக்கத்தை வைத்துத்தான்.

1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று நிரூபிக்கக் கடதாசி இல்லாமல் நம் தோட்டத்து மக்கள் நாடற்றவர்களானார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று எண்ணிப் பிரித்தார்கள். கடதாசி இல்லாத குடும்பத்தில், வந்த பாதையைச் சொல்ல மிஞ்சியிருப்பது சில வேளை ஒரு தகர வில்லை மட்டுமே. அதைத் துளைத்து, தேய்த்து, பளபளப்பாக்கினால் இலக்கமும் போய்விடும்.

அதனால் நாம் கேட்பது மூன்று விஷயம். புளி, சாம்பல் போட்டு விளக்காதீர்கள்; தேய்த்த காசுக்குச் சேகரிப்பாளரிடம் மதிப்பும் குறையும். இரண்டு பக்கமும் படம் எடுங்கள். அலங்காரம் வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் கண்ணாடி உள்ள சட்டத்தில், பசை இல்லாமல் வையுங்கள்.

முடிந்தால் இன்று இரவே ஒரு காசைப் பிள்ளையின் கையில் கொடுத்து, அதிலுள்ள தமிழை வாசிக்கச் சொல்லுங்கள். லயத்திலோ கடைத்தெருவிலோ பெரியவர்கள் இருந்தால், அது யார் கையால் வந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது.